சைக்கிள் டைனமோ விளக்கு: யாழ்ப்பாணத்தில் நான் படித்த பாடம்

(தோட்டக் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. சைக்கிள் திருத்துகிற ஆள். உங்களைப் போல லயத்துக் காம்பராவில் பிறந்து, குப்பி லாம்பு வெளிச்சத்தில் நாலு எழுத்துப் படித்தவன். பதினைந்து வயதில் வேலை தேடி யாழ்ப்பாணம் போனேன். கோண்டாவில் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். அங்கே படித்த ஒரு தொழிலைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். பட்டரி இல்லாமல், கரண்ட் இல்லாமல், காலால் மிதித்தே வெளிச்சம் எடுக்கிற தொழில்.

"இப்பதான் போனிலேயே டோர்ச் இருக்கே, இது எதுக்கு?" என்று பின்னால் இருக்கிற தம்பிமார் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கடைசியில் அதற்கும் வருகிறேன்.

யாழ்ப்பாணத்துச் சைக்கிள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலை என்று ஊருக்குப் பெயர் இருக்கு, போய்ப் பார்த்தால் மலையைக் காணோம். எங்கும் சமதரை, செம்மண் ஒழுங்கை, பனை வடலி. அதனால் அங்கே சைக்கிள் இல்லாத வீடு குறைவு. வாத்தியார் சைக்கிளில் போவார், தோட்டக்காரர் வெங்காய மூட்டையைக் கரியரில் கட்டிச் சந்தைக்குப் போவார், பிள்ளைகள் ரியூசனுக்குப் போவார்கள். ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயம் அந்த நாளில் இருந்தது. அதனால் அநேகமான சைக்கிளில் டைனமோவும் முன் விளக்கும் பூட்டியிருக்கும்.

1990 ஜூன் மாதம் மறுபடி சண்டை மூண்டது. குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. அதுவரைக்கும் அங்கே போன மின்சாரத்தில் நம்ம மலைநாட்டுத் தண்ணீர் தந்ததும் உண்டு. காசல்ரீ, மவுஸ்ஸாகலை தண்ணீரில் சுற்றுகிற லக்சபான மின்சாரத்தை யாழ்ப்பாணத்துச் சனம் பெயர் சொல்லியே பேசும். அது வராமல் போனபோது நான் என் முதலாளியிடம் சொன்னேன்:

"எங்க மலையில பொறக்குற கரண்ட் முதலாளி இது. ஆனா எங்க லயத்துக்கு இன்னும் வரல்ல."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப தம்பி, இருட்டிலை இருந்து பழகின ஆள் நீதான். இனி எங்களுக்குச் சொல்லித் தா" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அடுத்த ஐந்து வருஷம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த இருட்டோடு மல்லுக்கட்டினோம்.

பட்டரி இல்லாத ஊர்

கரண்ட் மட்டும் நிற்கவில்லை. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று பல சாமான்களுக்கு வடக்கே போகத் தடை வந்தது. டோர்ச் பட்டரியும் அந்தத் தடையில் அடங்கியது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கையைச் சுட்டது. மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களையும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு வந்தது. வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய நூல் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே சின்னதாக நிற்கும், காற்றுக்கு அணையாது. நம்ம வீட்டுக் குப்பி லாம்பு குடிப்பதில் ஒரு பங்கு எண்ணெய்கூட அது குடிக்காது. எத்தனையோ பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்து சோதனை பாஸ் பண்ணினார்கள்.

றேடியோவுக்கு என்ன செய்வது? நாட்டில் நடப்பது தெரிய வேண்டும். ராத்திரி பிபிசி தமிழோசை கேட்க வேண்டும். அதற்குத்தான் சைக்கிள் டைனமோ கை கொடுத்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார், சுற்றிலும் பத்துப் பேர் குந்தியிருந்து செய்தி கேட்பார்கள். கை ஓய்ந்தால் றேடியோவும் ஓய்ந்துவிடும். உடனே அடுத்த ஆள் கை மாற்றுவார். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, சுற்றிச் சுற்றி என் உள்ளங்கை காய்த்தது.

நான் எரித்த றேடியோ

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். முதல் தடவை டைனமோ வயரை நேராக ஒரு றேடியோவில் கொளுவினேன். பக்கத்து வீட்டுப் பெரியவரின் றேடியோ அது. இரண்டு சுற்றுச் சுற்றினேன், கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ஒரு கரிந்த மணம். முடிந்தது கதை.

முதலாளி ஏசவில்லை. "தம்பி, டைனமோவிலை வாற கரண்ட் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுற கரண்ட். பல்ப்புக்கு அது காணும். றேடியோவுக்கு ஒரே பக்கமாப் போற கரண்ட் வேணும். நடுவிலை டயோட் போடவேணும்" என்று சொல்லித் தந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். ஆடுகிறதை ஆடலோட்டம் என்றும், ஒரே பக்கம் போகிறதை நேரோட்டம் என்றும் விஞ்ஞானப் புத்தகத்தில் எழுதியிருக்கும். டயோட்டை இருவாயி என்பார்கள். அது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி. பழுதான றேடியோக்களில் இருந்து டயோட் கழற்றி அந்தப் பெரியவருக்கு வேறொரு றேடியோ திருத்திக் கொடுத்தோம். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அதில் போனது. பாடம் மனதில் நின்றது.

டைனமோ எப்படி வேலை செய்கிறது?

டைனமோவைக் கழற்றிப் பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். டயரின் பக்கத்தில் உரசி மேல் உருளை சுற்றும்போது உள்ளே காந்தம் சுற்றும். கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831ஆம் ஆண்டு மைக்கல் பரடே என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்த விஷயம் இது. அவர் ஒரு கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகினவர். லக்சபானவில் தண்ணீர் தள்ளிச் சுற்றுவதும் சைக்கிளில் நம்ம கால் தள்ளிச் சுற்றுவதும் ஒரே சங்கதிதான். அது பெரிசு, இது சிறிசு.

சாதாரண டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் விளக்குக்கு 2.4 வாட், பின் சிவப்பு விளக்குக்கு 0.6 வாட் என்று பங்கு பிரித்திருப்பார்கள். இதனால் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு பல்ப் எரிந்து போனால் அதன் பங்கும் மற்ற பல்ப்புக்குப் போய் அதையும் எரித்துவிடும். ஒன்று போனால் உடனே மாற்ற வேண்டும்.

நின்றால் வெளிச்சமும் நிற்கும்

டைனமோ விளக்குக்கு இன்னொரு குறை, சைக்கிள் நின்றால் அதுவும் அணையும். அந்தக் குறை என்ன செய்யும் என்று நான் கண்ட ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

1993 மாரி காலம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேரம் ஆகும் முன்னே பிரசவ வலி வந்துவிட்டது. வாகனம் இல்லை. அவர் புருஷன் சைக்கிளை மிதிக்க, அக்கா கரியரில் தலையணை போட்டு இருந்தார். பின்னால் நான் இன்னொரு சைக்கிளில். மழை கொட்டுது. டயர் நனைந்து டைனமோ உருளை வழுக்குது, விளக்கு மின்னி மின்னி எரியுது. ஒரு மதகடியில் அண்ணை பிரேக் பிடித்தார். அவர் விளக்கு அணைந்தது. நானும் நின்றேன், என் விளக்கும் அணைந்தது. முன்னால் பள்ளமா ரோட்டா என்று ஒன்றும் தெரியவில்லை. அக்கா வலியில் முனகுகிற சத்தம் மட்டும்தான்.

நான் என் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சில்லைத் தூக்கி, குந்தியிருந்து கையால் மிதியைச் சுற்றினேன். வெளிச்சம் வந்தது. பார்த்தால் மதகின் ஒரு பக்கம் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருக்கு. இன்னும் நாலு அடி வைத்திருந்தால் மூவரும் உள்ளே. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன், அந்த வெளிச்சத்தில் அண்ணை அக்காவைக் கைத்தாங்கலாக மறுபக்கம் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

அன்றைக்குப் பிறகு எந்தச் சைக்கிளுக்கு விளக்குப் பூட்டினாலும், வயர் இறுக்கமா, உருளை டயரில் சரியாக உட்காருதா என்று இரண்டு தரம் பார்க்காமல் கொடுக்க மாட்டேன். ஒரு வயர் கழன்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. அன்றைக்குச் சைக்கிள் ஓட்டுகிற வாகனமாக இருக்கவில்லை, சுமை தள்ளுகிற வண்டியாகத்தான் இருந்தது. நெருக்கத்தில் சில்லு சுற்றினால்தானே டைனமோ எரியும்? இருட்டிலேயே தள்ளிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு நான் மலைக்குத் திரும்பினேன். கையில் வேறு சொத்து இல்லை, இந்தத் தொழில் மட்டும் இருந்தது.

வீட்டில் செய்யும் விளக்கு

இப்போது செய்முறைக்கு வருவோம். தம்பிமார் குறித்துக்கொள்ளலாம். பழைய மஞ்சள் பல்ப்பை விட இன்றைக்கு எல்.ஈ.டி. மேலானது. அதே 3 வாட்டில் பல மடங்கு வெளிச்சம் தரும்.

வேண்டிய சாமான்: 6 வோல்ட் 3 வாட் டைனமோ ஒன்று. பழைய இரும்புக் கடையில் கிடைத்தாலும் போதும், உருளையைக் கையால் சுற்றும்போது உள்ளே உரசாமல் சுற்றினால் நல்லது. 3 வாட் வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று. நாலு டயோட், வன் என் 4007 என்று கேட்டால் றேடியோ கடையில் தருவார்கள், விலை சொற்பம். 1000 மைக்ரோ பரட், 25 வோல்ட் கொள்ளளவி ஒன்று, அதாவது கப்பாசிட்டர். உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு. இரட்டை வயர், ஈயம், பற்றவைக்கும் கருவி. விளக்குக் கூடாகப் பழைய சைக்கிள் விளக்கோ பெரிய டோர்ச்சின் தலையோ போதும்.

1 வாட் எல்.ஈ.டி. வாங்க வேண்டாம். டைனமோ வேகமாகச் சுற்றும்போது ஏறக்குறைய அரை அம்பியர் தரும், 1 வாட் எல்.ஈ.டி. அதைத் தாங்காது. 3 வாட் தாங்கும். அதையும் அலுமினியத் தகட்டில் இறுக்கிப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் போய்விடும்.

நாலு டயோட்டையும் ஒரு சதுரமாகக் கட்ட வேண்டும். டயோட்டின் ஒரு முனையில் வெள்ளைக் கோடு இருக்கும். இரண்டு டயோட்டின் கோட்டு முனைகளைச் சேர்த்தால் அது கூட்டல் பக்கம். மற்ற இரண்டின் கோடு இல்லாத முனைகளைச் சேர்த்தால் அது கழித்தல் பக்கம். மிச்சம் இருக்கிற முனைகளை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் இரண்டு மூலை வரும். அந்த இரண்டிலும்தான் டைனமோவின் இரண்டு இணைப்பும் வர வேண்டும். ஒன்று டைனமோவின் அடியில் உள்ள வயர், மற்றது டைனமோவின் உடம்பு.

கூட்டலையும் கழித்தலையும் எல்.ஈ.டி.யின் கூட்டல் கழித்தலோடு பற்றவையுங்கள். கொள்ளளவியையும் அதே இரண்டு இடத்தில், கூட்டல் கழித்தல் மாறாமல் பற்றவையுங்கள். மெதுவாகப் போகும்போது விளக்கு துடிக்காமல் இருக்க அது உதவும்.

இதில் பிழை வருகிற இடம் மூன்று. நானும் மூன்றிலும் விழுந்து எழும்பினவன்தான்.

முதலாவது, பழைய பல்ப்புக்கு ஒரு வயர்தான், மறு வழி சைக்கிளின் இரும்பு உடம்பு. இந்த எல்.ஈ.டி. விளக்கில் அப்படி விடக்கூடாது. கூட்டல், கழித்தல் இரண்டும் சைக்கிள் இரும்பில் தொடக்கூடாது. தகட்டுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் பழைய டியூப் ரப்பர் வைத்து, இரட்டை வயர் இழுங்கள்.

இரண்டாவது, எல்.ஈ.டி. வயர் கழன்ற நிலையில் சில்லைச் சுற்றக்கூடாது. சுமை இல்லாத டைனமோவில் வோல்ட் ஏறிப்போய்க் கொள்ளளவி வெடிக்கலாம். அதனால் முறுக்கி விடாமல், பற்றவைத்தே இணையுங்கள்.

மூன்றாவது, பூட்டுகிற இடம். டைனமோவின் நடுக்கோடு சில்லின் அச்சை நோக்கி இருக்க வேண்டும். சரிந்திருந்தால் டயரை அரித்துவிடும். முன் கவையில் பூட்டினால் ஆணி கழன்று டைனமோ கம்பிகளுக்குள் விழலாம், சில்லு இறுகி ஆளைத் தூக்கி எறியும். பின் சில்லில் பூட்டுவது பாதுகாப்பு. மாதம் ஒரு தடவை ஆணியை இறுக்குங்கள்.

நம்ம ரோட்டுக்கு

யாழ்ப்பாணத்துச் சமதரை வேறு, நம்ம தோட்டத்து ரோடு வேறு. ஏற்றத்தில் தள்ளித்தான் போவோம், விளக்கு மங்கும். இறக்கத்தில் விளக்கு நல்லாப் பளிச்சென்று எரியும். அந்த வெளிச்சத்தை நம்பி வேகமாக விடக்கூடாது. பிரேக் கட்டை தேய்ந்த சைக்கிளுக்கு விளக்குப் போட்டுப் பிரயோசனம் இல்லை. முதலில் பிரேக், பிறகு விளக்கு. நின்றால் அணையும் என்று சொன்னேன், அதனால் சட்டைப் பையில் ஒரு சின்ன டோர்ச் இருக்கட்டும். பின்னால் சிவப்புப் பளிச்சுத் தகடு கட்டாயம் ஒட்டுங்கள். பனி மூட்டத்தில் பின்னால் வருகிற பஸ்காரருக்கு அதுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டோருக்கு ராத்திரி வேலைக்குப் போகிற அண்ணன்மாரும், வகுப்பு முடிந்து பொழுது சாய்ந்து வருகிற பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் இன்னும் குப்பி லாம்பு எரிக்கிறவர்கள் உயரமான போத்தலில் எரிக்காதீர்கள். தட்டினால் சரியும், எண்ணெய் கொட்டும், தீப் பிடிக்கும். டொக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திர வைத்தியர் இப்படி எரிந்து வந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் 'சுதீப' என்ற விளக்கை உண்டாக்கினார். மார்மைட் போத்தல் மாதிரிக் குட்டையாக, பாரமாக, மூடி திருகுகிற விளக்கு. சரிந்தாலும் எண்ணெய் கொட்டாது. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரிய மிஷின் ஒன்றும் இல்லை, ஒரு போத்தலின் உருவத்தைத்தான் மாற்றினார். அதனால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன் இருக்க டைனமோ எதற்கு?

இனி தம்பிமார் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், இன்றைக்குக் கடையில் சார்ஜ் போடுகிற சைக்கிள் விளக்கு நல்லதே கிடைக்கிறது. காசு இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா? அந்த மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரோட்டு நீளத்துக்கு வரிசை. போனுக்கு எங்கே சார்ஜ்? அப்போது பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவர்கள் எத்தனை பேர்? என்னிடம் வந்து "அண்ணே, அந்த டைனமோ ஒன்னு பூட்டித் தாங்க" என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரு டைனமோ 3 வாட்தான் தரும். ஒரு காம்பராவையே முழுசாக அது வெளிச்சமாக்காது. அதை வைத்துக்கொண்டு 'எங்களுக்குக் கரண்ட் வேண்டாம்' என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒழுங்கான மின்சாரம் கேட்பது நம்ம உரிமை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம்ம மலைத் தண்ணீரில்தானே அது பிறக்குது! நான் சொல்வது வேறு விஷயம். டைனமோவை ஒரு தரம் கழற்றிப் பூட்டின பிள்ளைக்கு மின்சாரம் என்றால் என்ன என்று கைக்கே தெரியும். அந்தப் பிள்ளை நாளைக்கு ஓடையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் கணக்குப் போடும். விநாடிக்கு 10 லீற்றர் தண்ணீர் 10 மீற்றர் உயரத்தில் இருந்து விழுந்தால், பாதி வீணாய்ப் போனாலும் ஏறக்குறைய 500 வாட் எடுக்கலாம். எல்.ஈ.டி. பல்ப் போட்டால் ஒரு லயம் முழுக்க விளக்கு எரியும். அந்தக் காலத்தில் எத்தனையோ தோட்டத்து ஸ்டோர்கள் இப்படித் தண்ணீரில்தான் ஓடின. அதைச் செய்யக் கற்ற ஆள் நம்ம லயத்தில் இருந்து ஏன் வரக்கூடாது?

கூட்டம் முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். டைனமோ, டயோட், எல்.ஈ.டி. எல்லாம் மேசையில் இருக்கு. தம்பிமார் மட்டும் வந்தால் போதாது, தங்கச்சிமாரும் வர வேண்டும். ஒருவர் மிதியைச் சுற்றுங்கள், ஒருவர் வயரைப் பிடியுங்கள். பிழை விட்டால் பயப்பட வேண்டாம், நான் ஒரு றேடியோவையே எரித்தவன்.